பழைய லாண்ட் ரோவரில் பெற்றோல் தாங்கி மாற்றம்: மட்டக்களப்பு நிகழ்வு ஒன்று

பின்னணி

வாகனம் லாண்ட் ரோவர் சீரீஸ் டூ ஏ. 88 அங்குல சில்லிடைத் தூரம், 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின், 1960களின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. உரிமையாளர் மட்டக்களப்பு நகரப் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய தகப்பனார் இதை அரச ஏலமொன்றில் எடுத்து, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கத்து வயலுக்குப் போய்வர வைத்திருந்தார். மகனும் அதற்கே பாவிக்கிறார். விதைநெல், பசளை, தண்ணீர் பம்ப், சில நேரம் நாலைந்து ஆட்கள் என்று எல்லாம் இதில்தான் போகும். மாரியில் படுவான்கரை என்று சொல்லும் வாவியின் மேற்குக் கரைப் பாதை சேறாகும்போது மற்ற வாகனங்கள் நின்றுவிடும், இது போய்வரும். 2020 இலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் இதற்குப் பதில் வேறொன்று வாங்குவது என்ற பேச்சும் அவரிடம் இருக்கவில்லை.

பழைய லாண்ட் ரோவர் வைத்திருப்போர் பலர் இதைக் கறள் பிடிக்காத வாகனம் என்று சொல்வார்கள். உடல் அலுமினியக் கலவை என்பதால் வந்த பேச்சு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் 1948 இல் வந்த முதல் வாகனத்திலிருந்தே உடலை அலுமினியத்தில் செய்தார்கள். ஆனால் சேசி என்கிற அடிச்சட்டமும் பெற்றோல் தாங்கியும் இரும்புதான். வெளியே பார்க்க வாகனம் திடமாக நிற்கும், உள்ளே இரும்பு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம் என்று உப்புக் காற்றோடு வாழும் எங்கள் ஊரில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

இந்த மாதிரியில் தாங்கி வலது பக்க முன் சீட்டின் கீழே இருக்கிறது. கொள்ளளவு 10 கலன், அதாவது ஏறக்குறைய 45 லீற்றர். நமது நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால், ஓட்டுபவர் பெற்றோலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் அடியில் இந்த உண்மைதான் இருந்தது.

நான் இந்த வேலையைச் செய்த கராஜில் பிரதான பாஸுக்கு, அதாவது தலைமை மெக்கானிக்குக்கு, உதவியாக நின்றவன். வேலை நடந்தபோது எழுதி வைத்த குறிப்புகளிலிருந்தே இதை எழுதுகிறேன்.

வந்த முறைப்பாடு

2023 ஆகஸ்டில், சிறுபோக அறுவடை முடிந்த கையோடு வாகனம் வந்தது. முறைப்பாடு இரண்டு. தாங்கியை நிரப்பினால் உள்ளே பெற்றோல் மணம் தாங்க முடியவில்லை. கொஞ்சத் தூரம் ஓடியதும் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கிறது, பத்து நிமிடம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது.

முந்திய ஆண்டு முழுக்க மணம் இருக்கவில்லையா என்று பாஸ் கேட்டார். இல்லை என்றார் உரிமையாளர். காரணம் பிறகு விளங்கியது. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் அட்டை முறை வந்தபோது இப்படியான வாகனத்துக்கு வாரம் 20 லீற்றர்தான். 45 லீற்றர் தாங்கி ஒரு வருடத்துக்குக் கிட்ட அரைவாசிக்கு மேல் நிரம்பவே இல்லை. 2023 இல் ஒதுக்கீடு கூட்டப்பட்ட பிறகுதான் அவர் வாய் வரை நிரப்பினார், மணமும் அன்றுதான் வந்தது. ஆகவே ஓட்டை தாங்கியின் மேல் பாதியில் இருக்க வேண்டும் என்று வாகனத்தைத் தொடுவதற்கு முன்பே ஊகிக்க முடிந்தது. ஒரு முறைப்பாட்டை முழுதாகக் கேட்பதில் இவ்வளவு கிடைக்கும்.

அரைவாசி வெறுமையாகக் கிடந்த அந்த ஒரு வருடம் இன்னொன்றையும் செய்திருந்தது. பெற்றோல் இல்லாத மேல் பாதியில் இருப்பது காற்று. இரவில் குளிர்ந்து பகலில் சூடாகும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் தகட்டில் வியர்த்து இறங்கும். தண்ணீர் பெற்றோலை விடப் பாரம் என்பதால் அது அடியில் போய்த் தங்கும்.

பார்த்தவை

சீட்டு மெத்தையை எடுத்து அதன் கீழுள்ள தகட்டு மூடியைக் கழற்றியதும் தாங்கியின் மேற்பக்கம் தெரிந்தது. தாங்கிக்கும் அதைத் தாங்கும் இரும்புக் கைக்கும் இடையில் வயல் சேறு இறுகிக் கிடந்தது. யாரோ ஒரு காலத்தில் சத்தம் வராமலிருக்கச் சாக்குத் துணியை மடித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்து, தான் பட்ட இடத்தையெல்லாம் அரித்திருந்தது. மேல் மடிப்பு ஓரத்தில் ஊசித் துவாரங்கள் வரிசையாக இருந்தன. நிரப்பினால் பெற்றோல் வெளியே வரும் வழி அதுதான். மழையிலும் சேற்றிலும் தண்ணீர் உள்ளே போன வழியும் அதுவேதான்.

அடி மூலையில் பழைய ஒட்டு ஒன்று. முதலில் பார் சவர்க்காரம் தேய்த்து, பிறகு அதன்மேல் எப்பொக்சி பூசியிருக்கிறார்கள். சவர்க்காரம் வழியில் நின்ற வாகனத்தை வீடு கொண்டு சேர்க்க உதவும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன்மேல் பூசிய எப்பொக்சி தகட்டில் பிடிக்காது. இங்கும் அது ஒரு பக்கம் கிளம்பி நின்றது.

எஞ்சின் பக்கம் பம்பின் அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினோம். செம்மண் போலக் கறள் தூள், அதற்கு மேல் தண்ணீர், அதற்கு மேல் கொஞ்சம் பெற்றோல். எஞ்சின் நின்று நின்று ஓடியதற்கு இது போதுமான விளக்கம். ஓடும்போது கறள் தூள் இழுபட்டு, தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும். எஞ்சின் நின்றதும் இழுவை இல்லாமல் தூள் உதிர்ந்து விழும், வழி திறக்கும்.

வெல்டிங் வைப்பதா?

இந்த இடத்தில்தான் அதிக நேரம் பேச்சு நடந்தது. உரிமையாளரோடு வந்த உறவினர் வெல்டிங் வைத்தால் போதும் என்று உறுதியாக நின்றார். பக்கத்துக் கடையில் மோட்டார் சைக்கிள் தாங்கிகளைத் தண்ணீர் நிரப்பி ஒட்டிக் கொடுக்கிறார்கள், இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் வாதம். உரிமையாளருக்கும் தயக்கம். “மனே, இது அப்பா காலத்து டாங்கி. ஒட்டிப் பார்க்க ஏலாதா?” என்று பாஸிடம் கேட்டார்.

பாஸ் மறுத்தார். அவர் சொன்ன காரணங்களை, நான் பிறகு சரிபார்த்த அளவுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

பெற்றோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். நிறைந்த தாங்கிக்குள் காற்றுக்கு இடமில்லை. வெறுமையாக்கிய தாங்கிக்குள்தான் காற்றும் ஆவியும் அந்த அளவில் கலந்து நிற்கும். அதனால் வெறும் தாங்கி நிறைந்த தாங்கியை விட ஆபத்தானது. கழுவினால் போய்விடும் என்றும் நம்ப முடியாது. மடிப்புகளுக்குள்ளும் கறள் அடுக்குகளுக்குள்ளும் ஊறியிருக்கும் பெற்றோல், தகடு சூடானதும் திரும்ப ஆவியாகும். தண்ணீர் நிரப்பும் முறையிலும், ஒட்டு வைக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு காற்றிடம் விட்டே ஆக வேண்டும். இங்கே ஓட்டை மேல் மடிப்பில் இருந்ததால் ஆவி தங்குவதும் அந்தக் காற்றிடத்தில்தான். இதுவரை ஒன்றும் ஆகாத கடைக்காரரின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. இப்படியான வேலையில் ஒரே ஒரு தடவை தவறினால் அவருடைய முகத்துக்கு நேரேதான் வெடிக்கும்.

அடுத்தது தகடு. அக்காலத் தாங்கித் தகடுகளுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு கொடுப்பது வழக்கம். வெல்டிங் சூட்டில் அந்தப் பூச்சு உருகிப் போகும், புகையும் நஞ்சு. பூச்சுப் போன இடத்தில் கறள் இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

உறவினரை ஒப்புக்கொள்ள வைத்தது இந்த விளக்கங்கள் எதுவும் இல்லை. பெற்றோலை இறக்கிய பிறகு பாஸ் ஒரு மரக் குச்சியின் முனையால் அடித் தகட்டை அழுத்திக் காட்டினார். பழைய ஒட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, பார்க்க நல்லதாக இருந்த இடத்தில் தகடு உள்ளே குழிந்தது. இதில் வெல்டிங் வைத்தால் ஓட்டை அடைபடாது, பெரிதாகும். “சரி பாஸ், மாத்துவம்” என்றார் உரிமையாளர்.

எந்தத் தாங்கி?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய தாங்கி தேடலாம் என்பது முதல் யோசனை. விலை குறைவு. ஆனால் அதுவும் அரை நூற்றாண்டு பழைய இரும்பாகத்தான் இருக்கும். உள்ளே பார்த்து வாங்க முடியாத பொருள் என்பதால் கைவிட்டோம். ஊரில் தகட்டு வேலைக்காரர் ஒருவர் துத்தநாகப் பூச்சுத் தகட்டில் செய்து தரத் தயாராக இருந்தார். நல்ல கைவேலைக்காரர்தான். ஆனாலும் எரிபொருளோடும் அதிலுள்ள ஈரத்தோடும் நாளாகத் துத்தநாகம் அரிபட்டு வெள்ளைப் படிவாக வரும், பிறகு அதுவும் பம்பிலும் காபரேற்றரிலும் போய் நிற்கும். பிளாஸ்டிக் கான் ஒன்றைப் பொனட்டுக்குள் கட்டிவிடுவது என்ற யோசனையும் வந்தது. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

கடைசியில் இந்த மாதிரிக்கென்று புதிதாகச் செய்து விற்கப்படும் தாங்கியைக் கொழும்பு வியாபாரி ஒருவர் மூலம் வரவழைத்தோம். அனுப்பும் முன் பழைய தாங்கியின் வாய், பெற்றோல் அளவைக் காட்டும் மிதவையின் துளை வரிசை, போல்ட் தூரம் எல்லாவற்றையும் அளந்து படமும் எடுத்து அனுப்பினோம். இவற்றில் ஆண்டுக்கு ஆண்டு சிறிய வித்தியாசங்கள் உண்டு. ஒரே பெயரில் வருகிற தாங்கி பொருந்தாமல் போகலாம். விலையை எழுதவில்லை. டொலரோடு மாறும் தொகையை இன்று எழுதி நாளை ஒருவரை ஏமாற்ற விரும்பவில்லை.

கழற்றியது

கராஜில் வாகனத்தின் அடியில் வேலை செய்யக் குழி இருக்கிறது. இந்த வேலைக்கு அதைப் பாவிக்கவில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம், இறங்கிக் குழியில் நிற்கும். வாகனத்தைத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே வேப்ப மரத்தடியில், காற்றோட்டத்தில் நிறுத்தினோம். பற்றரியின் ஏர்த் வயரை முதலில் கழற்றி, பற்றரியையே எடுத்து அப்பால் வைத்தோம். மணல் வாளியும் பவுடர் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில். பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை, கைபேசி கூடக் கிட்ட இல்லை. வயலுக்கு வருகிற ஆட்களில் ஒருவர் பீடியோடு வந்தபோது உரிமையாளரே அவரைப் படலைக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

பெற்றோலைக் கைப் பம்பால் உலோகக் கானுக்குள் இறக்கினோம். வாயால் உறிஞ்சும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கானை நிலத்தில் வைத்து, குழாய் கானின் உலோகத்தைத் தொடும்படி வைத்தோம். ஓடும் பெற்றோல் நிலைமின்னை உண்டாக்கும் என்பதால்.

தாங்கியின் போல்ட்டுகள் கறளில் இறுகியிருந்தன. மற்ற வேலை என்றால் கேஸ் சூடு காட்டுவோம் அல்லது கிரைண்டரால் வெட்டுவோம். இங்கே இரண்டும் இல்லை. கறள் இளக்கும் எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க விட்டு, அடுத்த நாள் இடைக்கிடை எண்ணெய் ஊற்றிக்கொண்டே இரும்பரியும் வாளால் மெதுவாக அறுத்தோம். அலுப்பான வேலைதான், ஆனால் இதில் அவசரப்பட எதுவும் இல்லை.

தாங்கி இறங்கியதும் இன்னொன்று தெரிந்தது. அதைத் தாங்கும் சேசிக் கை, சாக்குத் துணி தொட்ட இடத்தில் பாதியாக அரிபட்டிருந்தது. புதிய தாங்கியை அதில் தொங்கவிட முடியாது. அங்கே வெல்டிங் வேண்டும், ஆனால் எப்போது என்பதுதான் விஷயம். பழைய தாங்கியையும் இறக்கிய பெற்றோலையும் வளவின் மறு கோடிக்குக் கொண்டுபோய், எஞ்சின் வரை செல்லும் பெற்றோல் குழாயையும் முழுதாகக் கழற்றி, சுற்றிலும் கழுவிக் காயவிட்ட பிறகே வெல்டருக்கு ஆள் அனுப்பினோம். முன்பு உறவினர் சொன்ன, தாங்கிகளை ஒட்டிக் கொடுக்கும் பக்கத்துக் கடை வெல்டரே வந்து, மிக நேர்த்தியாகச் சேசிக் கையைச் செய்து கொடுத்தார்.

பழைய தாங்கியை அப்படியே இரும்புக்காரரிடம் கொடுக்கவில்லை. அவர்கள் கேஸ் கட்டரால் வெட்டுவார்கள். “பெற்றோல் டாங்கி, நெருப்பு வைக்காதே” என்று பெரிய எழுத்தில் வெள்ளை மையால் எழுதி, தாங்கிக்குள் தண்ணீர் நிரப்பி, வந்தவரிடம் சொல்லியும் கொடுத்தோம். அடியில் இருந்த கசடைப் பழைய எண்ணெய்ப் பீப்பாவில் சேர்த்தோம். கராஜுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் வாவியில்தான் போய் விழுகிறது. அங்கே வலை வீசிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டியது

புதிய தாங்கியின் உள்ளே தயாரிப்பு எண்ணெயும் சிறு உலோகத் துகள்களும் இருந்தன. கொஞ்சம் பெற்றோல் விட்டுக் குலுக்கி வடித்து, துணியில் ஒன்றும் படியாத வரை கழுவினோம். நிரப்பு வாய்க் குழாயும் அதோடு ஓடும் காற்றுக் குழாயும் வெடித்திருந்ததால் மாற்றினோம். தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் முன்பு ஒருவர் போட்டிருந்த கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாய் கல்லுப் போல் இறுகியிருந்தது. அதற்குப் பதிலாக எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட எரிபொருள் ஹோஸ் போட்டோம். எரிபொருளுக்கென்ற தர எழுத்து எதுவும் இல்லாத ஹோஸ் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் பெற்றோலுக்கு வாங்கக் கூடாது. சாக்குத் துணியின் இடத்தில் தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் துண்டுகள். உலோகக் குழாயை ஊதிச் சுத்தம் செய்து, பம்பின் கிண்ணத்தையும் காபரேற்றரையும் கழுவினோம்.

ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் ஒழுங்காக ஓடியது, ஆனால் டாஷ்போர்டில் பெற்றோல் முள் அசையவே இல்லை. புதிய மிதவை பழுது என்று உரிமையாளர் நினைத்தார். உண்மையில் மிதவைக்கு வேண்டிய ஏர்த், தாங்கியின் உடல் வழியாகச் சேசிக்குப் போவது. புதிய தாங்கியில் தடித்த மை, அடியில் ரப்பர், சேசிக் கையிலும் புதுப் பூச்சு. மின்சாரம் போக வழியே இல்லை. மிதவையின் ஒரு திருகிலிருந்து சேசிக்குத் தனி வயர் ஒன்று இழுத்ததும் முள் எழுந்தது.

பின்பு நடந்தது

இரண்டு வாரமளவில் உரிமையாளர் அழைத்தார். மணம் இல்லை. ஆனால் வயலிலிருந்து திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது, கொஞ்ச நேரம் விட்டால் ஓடுகிறது, பழையபடி அதே நோய் என்றார்.

கண்ணாடிக் கிண்ணம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் கறள் இல்லை. பாஸ் வாகனத்தை ஓட்டிக்கொண்டே போய், அது நின்ற இடத்தில் இறங்கித் தாங்கி மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. உடனே ஸ்டார்ட் ஆகியது.

2022 இல் பெற்றோல் களவு போகாமலிருக்க உரிமையாளர் பூட்டுள்ள மூடியொன்று வாங்கிப் போட்டிருக்கிறார். பழைய மூடியில் காற்று உள்ளே போகச் சிறு வழி இருக்கும், இதில் இல்லை. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். பழைய தாங்கியில் இந்தப் பழுது தெரியவே இல்லை, ஏனென்றால் மேல் மடிப்பின் ஊசித் துவாரங்கள் வழியாகத் தாங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஓட்டையை அடைத்ததும், அது மறைத்து வைத்திருந்த பழுது வெளியே வந்தது. நோய்க்குறி அச்சொட்டாக ஒன்று, காரணம் வேறு. முதல் தடவை கறள், இரண்டாம் தடவை காற்று.

பூட்டும் வேண்டும், காற்று வழியும் வேண்டும். அப்படியான மூடி கிடைக்கிறது, வாங்கிப் போட்டதும் தொல்லை தீர்ந்தது.

மாற்ற வேண்டியவை

தாங்கி மாற்றும் வேலைப் பட்டியலில் இப்போது மூடிக்கு முதல் இடம். கழற்றிய மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதல்ல சோதனை, காற்று உள்ளே போகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். துடைத்துவிட்டுத்தான். பல மூடிகள் ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும்.

தாங்கியைக் கொழும்பில் சொல்வதற்கு முன் சேசிக் கையைப் பார்க்க வேண்டும். இங்கே தாங்கி வந்த பிறகு வெல்டருக்காகக் காத்திருந்தோம். பெரும்போக விதைப்பு நெருங்கியிருந்தால் உரிமையாளருக்கு அது பெரிய நட்டமாக இருந்திருக்கும்.

உரிமையாளரும் பழக்கத்தை மாற்றியிருக்கிறார். மாரி தொடங்கும் முன் தாங்கியை நிரப்பியே வைக்கிறார், ஈரம் வியர்க்க இடமில்லாமல். வயலால் வந்தால் சீட்டின் கீழுள்ள சேற்றைக் கழுவிவிடுகிறார். அந்தப் பெட்டிக்குள் சாக்கு, துணி எதையும் செருக ஆட்களை விடுவதில்லை.

2024 மார்ச்சில், பெரும்போக அறுவடைக்குப் பின் வாகனத்தைத் திரும்பப் பார்த்தோம். மாரி முழுக்க ஓடியிருந்தது. கிண்ணத்தில் கறள் இல்லை, மடிப்புகள் காய்ந்திருந்தன, முள் சரியாகக் காட்டியது. இடது பக்கச் சேசிக் கையில் மட்டும் கறள் தொடங்கியிருந்தது. அதை அந்த ஆண்டுச் சிறுபோகம் முடிந்ததும் செய்வதாகப் பேசி வைத்தோம்.